கம்போங் குவாந்தான் போகும் வழியில்

பள்ளி விடுமுறை தொடங்கிய மூன்றாம் நாளே எங்கள் வீட்டில் மனு வந்துவிட்டது. மனு கொடுத்தவர்கள் என் மகளும் அவள் தம்பியும். கம்போங் குவாந்தான் ஆற்றில் மின்மினி பார்க்க வேண்டுமாம். இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு இன்னும் பார்க்கவில்லையா என்று வகுப்பில் யாரோ கேலி செய்துவிட்டார்களாம். கேலி நியாயமானதுதான். வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிற இடத்தை, அரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் நாம் "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப் போட்டே வந்திருக்கிறோம். வாசகர்களே, உங்களில் எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? கையைத் தூக்க வேண்டாம், எனக்குத் தெரியும்.

மின்மினி பார்ப்பது இருட்டிய பிறகு செய்கிற காரியம். ஏழரை மணிக்கு மேல் படகில் ஏறினால்தான் ஏதாவது கண்ணுக்குப் படும். அதுவரை பிள்ளைகளை எங்கே வைத்துக்கொள்வது? வேன் ஓட்ட ஒப்புக்கொண்ட என் மைத்துனர்தான் வழி சொன்னார். "மச்சான், சாப்பிட்டவுடனே கிளம்புவோம். முதல்ல புக்கிட் மெலாவத்தி ஏறிக் குரங்கைப் பார்ப்போம். பொழுது சாய்ஞ்சதும் ஆத்துக்குத் திரும்பிடலாம்."

புறப்படும்போது அப்பா கையில் ஒரு பை. எட்டிப் பார்த்தேன். பயற்றங்காய். அன்று காலைதான் கொடியிலிருந்து பறித்தது, கட்டுக் கட்டாக வாழைநாரில் கட்டியிருந்தார். "குரங்கைப் பார்க்கப் போறோம், வெறுங்கையோடவா போறது?" என்றார்.

அப்பாவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 16 வயதில் பால்வெட்டு உளியைக் கையில் எடுத்தவர். பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோது குலை வெட்டவும் பழகிக்கொண்டார். தோட்டம் கைமாறி, லயத்தைக் காலி செய்து, எங்களோடு தாமான் வீட்டுக்கு வந்தபோது வயது 60ஐத் தாண்டிவிட்டது. இங்கே வந்தும் விடியற்காலை 4 மணிக்கு எழுந்துவிடுவார். எழுந்து என்ன செய்வது? பெரட்டு இல்லை. நிரை இல்லை. வாசலில் நாற்காலியைப் போட்டு இருட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். வேளாவேளைக்குச் சாப்பாடு, மதியம் தொலைக்காட்சி, இரவு மறுபடியும் நாற்காலி. நாங்கள் அவருக்கு ஓய்வு கொடுத்துவிட்டதாகப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம். ஒரே வருடத்தில் ஆள் பாதியாகிவிட்டார். சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுந்தார். இரத்த அழுத்தம், இனிப்புநீர் என்று மருந்துப் பைகள் பெருகின. அம்மாதான் ஒருநாள் சொன்னார்: "அவருக்கு நோவு பாதி, கைக்கு வேலையில்லாதது பாதி." அதன்பிறகுதான் வீட்டுப் பின்புறம் கால்வாயோரம் கிடந்த துண்டு நிலத்தைக் கொத்திப் பயற்றங்காய், வெண்டை, முருங்கை என்று போட ஆரம்பித்தார். இப்போதும் மருந்து சாப்பிடுகிறார். ஆனால் நாற்காலியில் உட்கார நேரமில்லை. அந்தப் பயற்றங்காய்தான் எங்களோடு வேனில் ஏறியது.

பத்தாங் பெர்ஜுந்தைக்கு 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிவிட்டார்கள். நம் வாய்தான் இன்னும் மாறவில்லை. அங்கிருந்து குவாலா சிலாங்கூர் போகும் வழியெல்லாம் செம்பனைதான். அப்பா சன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு தோட்டமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ராஜா மூசா, தென்னமரம் (பெயரிலேயே நம் தமிழ் உட்கார்ந்திருக்கிறது, பாருங்கள்), யார் எங்கே கங்காணியாக இருந்தார், எந்தக் கோயில் திருவிழாவில் எந்தக் கரகாட்டம். கம்போங் குவாந்தானுக்குத் திரும்பும் முனை வந்ததும் பிள்ளைகள் கத்தினார்கள். "பகல்ல அங்கே போனா வெறும் மரமும் தண்ணியும்தான். பேசாம வாங்க" என்று தாத்தா அடக்கினார்.

புக்கிட் மெலாவத்தி பெரிய மலை ஒன்றும் இல்லை. குவாலா சிலாங்கூர்ப் பட்டணத்துக்கு மேலே எழுந்து நிற்கும் ஒரு குன்று, அவ்வளவுதான். ஆனால் மேலே நின்றால் சிலாங்கூர் ஆறு கடலில் சேரும் இடம் வரைக்கும் தெரியும். அதனால்தான் அந்தக் காலத்தில் இங்கே கோட்டை கட்டினார்கள். 1784இல் டச்சுக்காரர்கள் பிடித்து, தங்கள் கவர்னர் ஜெனரலின் பெயரால் ஆல்டிங்ஸ்பர்க் என்று பெயர் வைத்தார்கள். மறு வருடமே சுல்தான் இப்ராஹிம் அவர்களை விரட்டிவிட்டார். பீரங்கிகள் இன்னும் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. 1907இல் கட்டிய கலங்கரை விளக்கமும் நிற்கிறது. விடுமுறை நாட்களில் காடிகளை மேலே விடுவதில்லை. அடிவாரத்தில் நிறுத்திவிட்டு டிராம் வண்டியில் ஏற வேண்டும். பிள்ளைகளுக்கு அதுவே பாதிக் கொண்டாட்டம்.

மேலே இறங்கியதும் சரித்திரம் எல்லாருக்கும் மறந்துவிட்டது. எங்கு பார்த்தாலும் குரங்குகள்.

இரண்டு ஜாதிக் குரங்குகள் இங்கே உண்டு. ஒன்று நம் தோட்டத்திலெல்லாம் அலைகிற கெரா. பழுப்பு நிறம், நீண்ட வால், கையிலிருப்பதைப் பறித்துக்கொண்டு ஓடும் போக்கிரி. அதற்குக் கன்னத்தில் பை உண்டு, கிடைத்ததை அதில் திணித்துக்கொண்டு பிறகு மென்று தின்னும். இன்னொன்று லோத்தோங். உடம்பெல்லாம் கருஞ்சாம்பல், முடியின் நுனியில் மட்டும் வெள்ளி பூசியதுபோல் ஒரு மினுமினுப்பு, தலையில் கூம்பு மாதிரி ஒரு குடுமி. முகத்தைப் பார்த்தால் ஏதோ பெரிய யோசனையில் இருக்கும் கிழவர் மாதிரி இருக்கும். இதற்குக் கன்னப் பையும் இல்லை, அவசரமும் இல்லை.

குட்டியைப் பார்க்க வேண்டுமே! பெற்றவர்கள் கறுப்பாயிருக்க, குட்டி மட்டும் பளிச்சென்று ஆரஞ்சு நிறம். எந்தச் சாயக்கடையில் தோய்த்து எடுத்தார்களோ என்று தோன்றும். மூன்று நான்கு மாதங்களில் நிறம் மாறிக் கறுத்துவிடும். அதுவரை கூட்டத்திலுள்ள பெண் குரங்குகள் எல்லாம் மாற்றி மாற்றித் தூக்கி வைத்துக்கொள்கின்றன. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு குட்டி மூன்று மடி மாறியது. தாய் அந்த நேரத்தில் ஒரு கிளையில் உட்கார்ந்து நிதானமாக இலை தின்றுகொண்டிருந்தது. "ஆயக்கொட்டகை வெச்சிருக்குதுங்க" என்றாள் என் மனைவி. தோட்டத்தில் பிள்ளையை ஆயாவிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போன அம்மாவின் மகள் அவள். அவளுக்கு அது உடனே புரிந்தது.

இந்தக் குன்றின் லோத்தோங்குகள் உலகப் புகழ் பெற்றவை என்றால் நம்புவீர்களா? 1960களிலேயே வெளிநாட்டு ஆய்வாளர்கள் இங்கே வந்து நாள் முழுக்க உட்கார்ந்து குறிப்பெடுத்திருக்கிறார்கள். இர்வின் பெர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கர் 1968இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்பே 'குவாலா சிலாங்கூர் லோத்தோங்' என்பதுதான். ஒரு கூட்டத்துக்கு வளர்ந்த ஆண் பெரும்பாலும் ஒன்றுதான், மற்றவை பெண்களும் குட்டிகளும் என்பதெல்லாம் அப்படிக் காத்திருந்து கண்டறிந்த விவரங்கள். 2008இல் சிலாங்கூர்ப் பக்கத்து லோத்தோங்குக்கு அறிவியலில் சிலாங்கூரின் பெயரையே சேர்த்துத் தனிப்பெயரும் வைத்துவிட்டார்கள்.

சரி, நம் கதைக்கு வருவோம். டிராம் நிறுத்தத்துக்குப் பக்கத்திலேயே பயற்றங்காய், கச்சாங், ரொட்டி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்று பைகளில் போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். "வாங்கிக் குடுங்கண்ணே, புள்ளைங்க ஆசைப்படுது பாருங்க" என்றார் ஒரு பெண்மணி. நம்மவர்தான். அப்பா பெருமையாகத் தம் பையைத் தூக்கிக் காட்டினார். அந்தம்மா சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவர் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. வெயிலில் நின்று நாலு காசு பார்க்கிறார்.

என் மகள் இரண்டு பயற்றங்காயை உருவிக்கொண்டு போய் நீட்டினாள். ஒரு லோத்தோங் மெள்ள இறங்கி வந்து, அவள் விரலைத் தன் விரலால் பிடித்துக்கொண்டு, மறு கையால் காயை வாங்கியது. "கை ஜில்லுன்னு இருக்குப்பா!" என்று அவள் துள்ளினாள். அந்தச் சந்தோஷத்தை நான் இல்லையென்று சொல்லமாட்டேன். எனக்கும் அது தொற்றிக்கொண்டது. பையன் தானும் கொடுக்க வேண்டும் என்று தாத்தாவின் பையை இழுத்தான்.

அந்த நேரத்தில் சற்றுத் தள்ளி ஒரு கூச்சல். சின்னப் பையன் ஒருவன் கையிலிருந்த ரொட்டிப் பொட்டலத்தை ஒரு கெரா பிடுங்கியிருந்தது. பையனின் மணிக்கட்டில் நகக் கீறல். ரொட்டி தரையில் சிதறியது. கெராக்கள் பாய, அந்தக் களேபரத்தில் ஆரஞ்சுக் குட்டியைச் சுமந்துகொண்டு ஒரு லோத்தோங்கும் துண்டு பொறுக்க ஓடி வந்தது. எதிரே டிராம் திரும்பிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் சட்டென்று நிறுத்தினார். ஒன்றும் ஆகவில்லை. குரங்கு ரொட்டியை வாயில் கவ்விக்கொண்டு மரமேறிவிட்டது. என் மனைவிதான் வெகுநேரம் நெஞ்சில் கை வைத்தபடி நின்றாள்.

ரொட்டியைப் பார்த்ததும் எனக்கு இன்னொரு கவலை. லோத்தோங்கின் வயிறு நம் வயிறு மாதிரி இல்லை. கெராவின் வயிறு மாதிரியும் இல்லை. இலை தின்று வாழ்வதற்கென்றே பல அறைகளாகப் பிரிந்த இரைப்பை அது. உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் இலையைப் புளிக்க வைத்துத்தான் சத்தைப் பிரித்தெடுக்கும், மாட்டுக்கு நடப்பது போலவே. நடுப்பகலில் கிளையில் சாய்ந்து அது தூங்கி வழிவதைப் பார்த்துச் சோம்பேறி என்று நினைக்கக் கூடாது. உள்ளே ஆலை ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த வயிற்றில் ரொட்டியும் இனிப்பும் விழுந்தால் புளிப்பு ஏறி, காற்று அடைத்து, வயிறு உப்பிப்போகும். லயத்தில் மாடு வளர்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அரிசியை மாடு அளவுக்கு மீறித் தின்றுவிட்டால் என்ன ஆகும் என்று பார்த்திருப்பீர்கள். பயற்றங்காய் ரொட்டி அளவுக்குக் கெடுதல் இல்லைதான். ஆனால் காய் கொடுக்கும் கையைப் பார்த்து இறங்கி வரப் பழகிய குரங்கு, ரொட்டி கொடுக்கும் கையைப் பார்த்தும் இறங்கி வரும்.

இதை நான் சொன்னதும் மகள் கேட்டாள்: "ஆனா நாம ஊட்டினா அதுங்களுக்குச் சந்தோஷம்தானேப்பா? தேடி அலைய வேண்டாம்ல?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நான் ஆப்பிரிக்கா வரைக்கும் போக வேண்டியிருந்தது. நீங்களும் கூட வாருங்கள், சீக்கிரம் திரும்பிவிடலாம்.

சிம்பன்சியைத் தெரியாதவர் இருக்கமாட்டார்கள். உலு கிளாங்கில் 1963இல் திறந்த தேசிய மிருகக்காட்சிசாலைக்குப் போனவர்கள் நேரிலேயே பார்த்திருப்பீர்கள். வாலில்லாத குரங்கு, ஆப்பிரிக்கக் காடுதான் அதற்குச் சொந்த ஊர். அங்கே தாய்ச் சிம்பன்சியைச் சுட்டு இறைச்சியாக்கிவிட்டு, மடியில் கிடக்கும் குட்டியை உயிரோடு விற்கும் வியாபாரம் உண்டு. இது எங்கோ நடக்கும் கதை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. 2002இல் நைஜீரியாவிலிருந்து தைப்பிங் மிருகக்காட்சிசாலைக்கு வந்து சேர்ந்த நான்கு கொரில்லாக் குட்டிகள், காட்டில் பிடிபட்டுக் கடத்தப்பட்டவை என்று தெரிய வந்தது. 2004இல் அவை தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, 2007இல்தான் சொந்த மண்ணான கேமரூனில் உள்ள லிம்பே புகலிடத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

பிடிபட்ட குட்டிகளை மீட்டால் எங்கே விடுவது? காட்டில் பிழைக்கத் தாய்தான் கற்றுத் தர வேண்டும். தாய் இல்லை. அதற்காகத்தான் புகலிடங்கள். ஜாம்பியா நாட்டில் டேவிட் சிடில், ஷீலா சிடில் என்ற தம்பதியர் மாட்டுப் பண்ணை நடத்திக்கொண்டிருந்தார்கள். 1983இல் காயம்பட்ட சிம்பன்சிக் குட்டி ஒன்றை அவர்களிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதற்குப் பெயர் 'பால்'. நம் பால் இல்லை, ஆங்கிலத்தில் தோழன் என்று பொருள். அந்தக் குட்டி பிழைத்துக்கொண்டது. செய்தி பரவ, ஒன்றன்பின் ஒன்றாகக் குட்டிகள் வந்தன. மாட்டுப் பண்ணை சிம்பன்சிப் பண்ணையாயிற்று. சிம்ஃபுன்ஷி என்று அதற்குப் பெயர்.

உகாண்டாவில் விக்டோரியா ஏரிக்கு நடுவே நிகாம்பா என்று ஒரு தீவு. 1998இல் அதையும் புகலிடமாக்கினார்கள். ஏறக்குறைய 100 ஏக்கர் காடு. நம் வாசகர்களுக்கு 100 ஏக்கர் எவ்வளவு என்று தெரியும். நடந்து பார்க்கப் பெரிது, நாற்பது ஐம்பது சிம்பன்சிகளுக்குப் பழம் காய்த்துப் போட அது போதாது. அதனால் ஆட்கள் உணவு கொடுக்க வேண்டியிருக்கிறது. காலையில் கூடத்தைத் திறந்துவிட்டால் அவை காட்டுக்குள் போய்விடும். பகலில் குறித்த வேளைகளில் வேலியோரம் பழமும் காய்கறியும் வீசுவார்கள். மாலையானால் கூட்டத்தில் பெரும்பாலானவை தாமாகவே திரும்பி வரும். உள்ளே கஞ்சியும் படுக்கத் தொங்குகட்டிலும் காத்திருக்கும்.

இதுவரை நம் மகள் சொன்னபடிதான். ஊட்டுகிறார்கள், அவை தின்கின்றன. ஆனால் இதோடு விட்டுவிட்டால் சிம்பன்சி கெட்டுப்போகிறது என்பதைப் பராமரிப்பாளர்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். காட்டுச் சிம்பன்சி பகலில் பாதிப்பொழுதை இரை தேடுவதிலேயே கழிக்கும். கூண்டுச் சிம்பன்சிக்குத் தட்டில் வைத்தால் சற்று நேரத்தில் தின்று முடித்துவிடும். மிச்சமுள்ள பொழுதுக்கு என்ன செய்வது? உட்கார்ந்த இடத்திலேயே முன்னும் பின்னும் ஆடும். தன் முடியைத் தானே பிடுங்கிப் பிடுங்கிக் கையும் மார்பும் மொட்டையாகிவிடும். தின்றதைக் கக்கி மறுபடி தின்னும். அறிவு கூடிய மிருகம், சும்மா இருக்கத் தெரியாது.

ஆகவே இப்போது என்ன செய்கிறார்கள் தெரியுமா? சாப்பாட்டை ஒளித்து வைக்கிறார்கள்! மரக்கட்டையில் துளை போட்டு உள்ளே தேனைத் தடவிவிடுகிறார்கள். குச்சியை ஒடித்து, இலையை உருவி, நுனியைக் கடித்துச் சீராக்கி, துளைக்குள் விட்டு எடுத்தால்தான் தேன் கிடைக்கும். இது மனிதன் கண்டுபிடித்துக் கொடுத்த விளையாட்டு இல்லை. தான்சானியாவின் கோம்பே காட்டில் சிம்பன்சிகள் இப்படித்தான் கரையான் புற்றில் குச்சியை விட்டுக் கரையான் பிடித்துத் தின்கின்றன. 1960இல் இதைக் கண்டு உலகத்துக்குச் சொன்னவர் ஜேன் குடால் அம்மையார், 2025இல் தமது 91ஆம் வயதில் மறைந்தார். கருவி செய்யத் தெரிந்தவன் மனிதன் ஒருவனே என்று அதுவரை நாம் பீற்றிக்கொண்டிருந்தோம்.

இன்னும் இருக்கிறது. வைக்கோலைப் பரப்பி அதில் கச்சான் பருப்பைத் தூவிவிடுவார்கள். பொறுக்கித் தின்ன ஒரு மணி நேரம் ஆகும். பழத்துண்டைப் பனிக்கட்டிக்குள் உறைய வைத்துக் கொடுப்பார்கள். பெட்டிக்குள் போட்டு, திருகித் திறந்தால்தான் விழும்படி செய்வார்கள். இலையோடு கிளையை வெட்டிப் போட்டால் பாதியைத் தின்று பாதியில் படுக்கை போடும். காட்டில் ஒவ்வொரு இரவும் புதுப் படுக்கை கட்டுகிற பிராணி அது. ஒரே வித்தையைத் தினமும் காட்டினால் சலித்துவிடும் என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பராமரிப்பாளருக்கு இதுவே பெரிய தலைவலி. படித்தவர்கள் இதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். நான் பிழைப்பைத் திருப்பிக் கொடுப்பது என்று சொல்வேன்.

இதற்கு நேர்மாறாக ஒன்று நம் நாட்டிலேயே நடக்கிறது. சபா மாநிலம் சண்டாக்கான் பக்கம் செப்பிலோக்கில் 1964 முதல் ஓராங் ஊத்தான் குட்டிகளைக் காட்டுக்குப் பழக்கி விடுகிறார்கள். அங்கே பலகை மேல் வைக்கும் உணவை வேண்டுமென்றே சலிப்பாக வைப்பார்கள். நேற்றும் வாழைப்பழம், இன்றும் வாழைப்பழம். அலுத்துப்போய், "சே, நானே தேடிக்கொள்கிறேன்" என்று அது காட்டுக்குள் போகட்டுமே என்றுதான்.

இதையெல்லாம் பீரங்கி மேடையில் உட்கார்ந்து நான் சொல்லிக்கொண்டிருந்தேன். பையன் பாதியிலேயே ஓடிவிட்டான். மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவும் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "கொஞ்சம் அந்தப் பக்கம் போய் உக்காருவோம்" என்றார்.

கூட்டமும் வியாபாரமும் இல்லாத பின்சரிவுக்குப் போனோம். அங்கேயும் ஒரு லோத்தோங் கூட்டம். யாரும் எங்களிடம் வரவில்லை. எங்கள் கையில் எதுவும் இருப்பதாக அவற்றுக்குத் தெரியாது. மணி நாலரை இருக்கும். நடுப்பகல் உறக்கம் முடிந்து மாலைச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. ஒரு தாய்க்குரங்கு கிளையைத் தன்பக்கம் வளைத்து, முற்றிய இலைகளைத் தள்ளிவிட்டு, நுனியில் இளசாக இருந்ததை மட்டும் கிள்ளி வாயில் போட்டது. கிளையை விட்டது. அடுத்த கிளை. மறுபடி அதே மாதிரி. பெருவிரல் குட்டை, மற்ற நான்கு விரல்களாலேயே இழுத்து வளைக்கிறது. ஒரு கிளையையும் ஒடிக்கவில்லை.

அப்பா கண் கொட்டாமல் பார்த்தார். "கொழுந்து பாத்து எடுக்குது. பட்டையில காயம்கூடப் படாம வேலை செய்யுது பாரு" என்றார். மரத்தில் காயம் படாமல் பட்டை சீவுவதில் தோட்டத்திலேயே பேர் வாங்கியவர் அவர். அப்படி ஒரு பாராட்டை என் வேலைக்கு அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

முக்கால் மணி நேரம் அங்கேயே இருந்தோம். முன்பக்கத்தில் குரங்கு நம்மைப் பார்க்கிறது, நாம் அதைப் பார்க்கிறோம், பிறகு ஆளுக்கொரு திசை. இங்கே அவை எங்களை மறந்துவிட்டன. இரண்டு குட்டிகள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்து இழுத்துத் தொங்கின. ஒரு கிழக்குரங்கு கண்ணை மூடிக்கொண்டு முதுகைக் காட்ட, இன்னொன்று பேன் பார்த்தது. கூட்டத்தின் ஆண்குரங்கு எல்லாருக்கும் மேலே தனியாக உட்கார்ந்து, கிராணி மாதிரி கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது. மகன் எப்போது திரும்பி வந்தானோ, தாத்தா மடியில் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். குன்றின் அடிவாரத்தில் 1987இல் அமைத்த இயற்கைப் பூங்காவின் காடு பச்சையாக விரிந்து கிடந்தது. மேலே தின்ன இலை, கீழே நிழலுக்குக் காடு. இவற்றுக்குத் துளை போட்டுத் தேன் தடவ ஆள் வேண்டியதில்லை.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வெயில் ஏறுமுன் காலையிலோ, நாலு மணிக்கு மேலோ போங்கள். பிளாஸ்டிக் பை கையில் தெரிய வேண்டாம், கெராவுக்கு அதுதான் சாப்பாட்டு மணி. அதன் கண்ணை முறைத்துப் பார்க்காதீர்கள், பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள், அது சண்டைக்கு அழைப்பு என்று எடுத்துக்கொள்ளும். பத்து நிமிடம் சும்மா உட்காரப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். அதன்பிறகு அவர்களே எழமாட்டார்கள்.

பட்டணத்தில் மீன்கறியோடு சோறு சாப்பிட்டுவிட்டு (காரம் போதாது என்று என் மனைவி தீர்ப்பளித்தாள்), இருட்டும் நேரத்துக்குக் கம்போங் குவாந்தான் வந்து சேர்ந்தோம். சீட்டு வாங்கி, மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு, இரண்டு சம்பானில் பிரிந்து ஏறினோம். இங்கே துடுப்புதான், மோட்டார் சத்தம் கிடையாது. கம்பத்து மலாய்க்காரர் ஒருவர் பின்னால் நின்று வலித்தார். விளக்குப் போடக் கூடாது, கைத்தொலைபேசி வெளிச்சமும் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

வளைவு திரும்பியதும் பெரெம்பாங் மரங்கள். கரையோரம் நெடுக, மரத்துக்கு மரம், இலைக்கு இலை ஒளி. ஒவ்வொன்றும் அரிசியளவு வண்டு. ஆண் மின்மினிகள் எல்லாம் ஒரே தாளத்தில் மினுக்குகின்றன. ஒரு மரம் முழுவதும் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைகிறது. தீபாவளிக்குச் சரம் கட்டியதுபோல் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு என்னவோ, இருட்டில் தலைவிளக்கோடு பால்வெட்டப் போகும் ஆட்கள் நிரை நிரையாகத் தெரிவார்களே, அந்த நினைவுதான் வந்தது. அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் பேசாமல் இருந்தார்.

மகள் தனக்குத் தெரிந்த மலாயில் படகோட்டியிடம் மெதுவாகக் கேட்டாள், இதற்கு என்ன சாப்பாடு கொடுக்க வேண்டும் என்று. அவர் சிரித்துவிட்டு, "தாக் பாயா, அடிக்" என்றார். ஒன்றும் வேண்டாம் தங்கச்சி என்று அர்த்தம். பிறகு துடுப்பால் கரையைக் காட்டினார். மின்மினிக் குஞ்சுகள் மரத்தில் இல்லையாம், கரையின் ஈரமண்ணில், செடி நிழலில் இருக்குமாம், சின்ன நத்தைகளைத் தின்று வளருமாம். கரையைச் சுத்தம் செய்கிறோம் என்று செடியை வெட்டி, தண்ணீர் வரைக்கும் செம்பனை நட்ட இடங்களில் நத்தையும் போய், மின்மினியும் போய்விட்டது என்றார். செம்பனை என்றதும் அப்பா தலையைத் திருப்பி அவர் காட்டிய இருட்டைப் பார்த்தார். அந்த இடத்தில் ஒரு பொட்டு வெளிச்சமும் இல்லை. அரை நிமிடம் படகு அந்த இருட்டைக் கடந்து போயிற்று. அடுத்த பெரெம்பாங் மரம் வந்ததும் பையன் மூச்சை இழுத்துப் பிடித்தான்.

வீட்டுக்கு வரும்போது மணி பத்தைத் தாண்டிவிட்டது. பிள்ளைகள் வேனிலேயே தூங்கிவிட்டார்கள். அப்பா இறங்கியதும் பையை என் மனைவி கையில் கொடுத்து, "வாடிடப் போகுது, தண்ணி தெளிச்சு வையம்மா" என்றார். மறுநாள் காலை நான் எழுந்தபோது அவர் கால்வாயோரம் கொடிக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார். மதியம் சோற்றுக்குப் பயற்றங்காய்ப் பொரியல். தேங்காய்ப்பூ தூவலாக இருந்தது.